கயிறு கட்டாத கை

— கையை விடும் வே ஹுசைன் பாய்! நல்லக்கண்ணு இப்ப எங்க ஆளு. சிவகிரிச் சட்டையைப் போட்டுட்டான், பாக்கேருல்லா?

— பாக்காம என்ன, சங்கரபாண்டி அண்ணாச்சி. நெஞ்சுல செவப்புக் கோடு பளிச்சுன்னு தெரியுதே. எமர்ஜென்சி வந்த வருசம் மீசை அரும்பாத பயலா எங்க சங்கரன்கோவில் கபடி டீமுக்கு வந்தவன். நாளைக்கு மொத ஆட்டமே உங்களோடதான். இந்த நேரத்துல கொத்திட்டுப் போறீகளே, வயிறு எரியுது.

— எரிஞ்சா மோரு குடியும். மூணு ஆடித்தபசுத் திருவிழா ஒரு டீமுக்கு ஆடிட்டா, பொறவு அவன் காலு அவனுக்குச் சொந்தம். உம்ம வாப்பா காலத்துலருந்து உள்ள ஏற்பாடுதான?

— ஏற்பாடுதான், இல்லங்கல. அவனா வந்தானா, நீங்க வரவச்சீகளா? ஏலே நல்லக்கண்ணு, தலையக் குனியாமச் சொல்லு.

— மாமா மகளைக் கேட்டேன் பாய். எங்க டீம் சட்டையைப் போடு, பொண்ணு தாரேன்னாரு. மத்தியானம் அம்மன் சந்நிதியில வெத்தலை பாக்கு மாத்தியாச்சு.

— கேட்டீரா? தாய்மாமன் நான், என் மருமவனை நான் கூப்பிடுதேன். என் வீட்டு மாப்பிள்ளை என் டீமை எதுத்துப் பாடி வந்தா சிவகிரியில ஒருத்தன் என்னை மதிப்பானா?

— சரி விடுங்க. ஆளு போனா பதிலாளு உண்டுல்லா?

— உண்டு வே, உண்டு. நான் என்ன ஏமாத்துக்காரனா? எங்க சட்டை போட்டவன்ல எவனை வேணும்னாலும் கேளும். மஞ்சக் கயிறு கட்டுன கையை மட்டும் கேக்கப்படாது. ஏழு கயிறுதான வழக்கம்? காலையிலயே என் பழைய ஆளுக ஏழு பேருக்கும் நானே இறுக்கிக் கட்டிட்டேன்.

— அப்ப மிச்சம் யாரு?

— தொந்தி பெருத்த தங்கசாமி ஒருத்தன். கோட்டைக் கண்டாலே இருமுத ஏசுவடியான் ஒருத்தன்.

— தங்கசாமி நல்லாச் சாப்பிடுவானோ?

— பானையைக் கவுத்துருவான். கூட்டிட்டுப் போம் வே, உம்ம வீட்டுக் கலியாணத்துக்குப் பந்தி பரிமாறவாவது ஆவான்.

— பரிமாறுவானா, பந்தியில மொத ஆளா உக்காருவானா?

— சிரிச்சு நேரத்தைப் போக்காதேயும் வே. முனிசிபாலிட்டிச் சங்கு ஊதிட்டா ஆளு மாத்த முடியாது. பொறவு பதிலாளும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது.

— யாரைக் கேட்டாலும் தருவீகளா? பேச்சு மாறப்படாது.

— சிவகிரிக்காரனுக்கு நாக்கு ஒண்ணுதான். பந்தல்ல இருக்குத கமிட்டி அண்ணாச்சிமாரே, நீங்க சாட்சி! கயிறு இல்லாத எவனைக் கேட்டாலும் தாரேன்!

— அப்பச் சரி. ஏலே நல்லக்கண்ணு, ரெண்டு கையையும் தூக்கு. கயிறு இருக்கா?

— இல்ல பாய்.

— உடம்புல யாரு சட்டை?

— சிவகிரிச் சட்டை.

— அண்ணாச்சி, எங்களுக்கு இவன் போதும்.

— என்னது?

— சட்டை உங்களுது, கை வெறுங்கை. பதிலாளா இவனைக் கேக்கேன்.

— ஏ, இது என்ன கூத்து! போனவனே பதிலாளா? எந்த ஊரு நியாயம் வே இது?

— இப்ப உங்க வாயால சொன்ன நியாயம்தான். கமிட்டிக்காரங்க வேட்டியால வாயைப் பொத்திச் சிரிக்காங்க, பாருங்க.

— பொறும், பொறும்! ஒருத்தன் கயிறை அவுத்து இவனுக்குக் கட்டுதேன்.

— அம்மன் பேரைச் சொல்லிக் கட்டுன கயிறு. ஆட்டம் முடியுமுன்ன அவுத்தா உங்க ஆளுக எவன் களத்துல எறங்குவான்?

— பாய், சங்கு ஊதுது!

— ஊதட்டும்லே, நல்லா ஊதட்டும்! அந்தச் சட்டையைக் கழத்தி மாமா கையில மரியாதையாக் குடு. இந்தா, நம்ம பச்சைச் சட்டை. ஏலே, தோள்ல தூக்குதவனுகளே, மெதுவா! நாளைக்கு இவன் காலு வேணும்லே!

— மருமவனே! போக மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்லே!

— புதுச் சட்டை போட்டாச்சுன்னா டீம் அனுப்புத எடத்துக்குப் போகணும்லா மாமா? போடச் சொன்னீக, போட்டேன். வெத்தலை மாத்துனது மாத்துனதுதான?

— அது... மாத்துனதுதான். அம்மன் முன்னால குடுத்த வாக்கைத் திருப்பி வாங்க நான் என்ன கிறுக்கனா? வே பாய், ஒத்துக்கிடுதேன். இம்புட்டு மூளையை எங்கன வச்சிருந்தேரு?

— என் மூளை எங்க அண்ணாச்சி! அல்லா அறிய, காலையில வரைக்கும் நான் அழுதுட்டுக் கெடந்தேன்.

— அப்ப இந்தப் பய யோசனையா?

— எனக்கு ஏது மாமா அவ்வளவு? பொறந்த சங்கரன்கோவிலையே எதுத்துப் பாடுதவனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன்னு சொல்லி, இந்த வழியையும் சொல்லிவிட்டது உங்க மக கோமதித்தாய்!