லிட்டருக்கு நாப்பது மில்லி

அந்த டப்பா வேணாம் மாப்ள, கீழ வைங்க. அது படகு ஆயிலு. வேதாரண்யத்துக்காரர் ஒருத்தரு தன் பழைய வண்டிக்கு ஊத்தச் சொல்லிக் கொண்டாந்தாரு, நான் புடுங்கி வச்சிட்டேன். ஆமாமா, அதுலயும் டூ ஸ்ட்ரோக்குன்னுதான் போட்டிருக்கும். நம்ம பக்கம் நடக்குற கூத்து இது. கடக்கரையில மச்சானோ சகலையோ பைபர் படகு வச்சிருப்பாங்க, அவங்க கேன்லேருந்து ஒரு லிட்டரு ஓசியில வாங்கியாந்து பைக்குல ஊத்திடுவாங்க. படகு மோட்டாருக்குத் தண்ணியே உள்ள போயி சூட்டக் கொறைக்குது. நம்ம எஸ்டி பைக்குக்குக் காத்த விட்டா நாதி ஏது? பைபாஸ்ல பதினஞ்சு கிலோமீட்டரு முறுக்குனீங்கன்னா அந்த ஆயிலு தாங்காது.

உக்காருங்க. இந்தாங்க சாவி, உங்க கையிலயே இருக்கட்டும். வண்டி எங்க ஓடிப்போவுது? டேங்க் ரொப்பி, காத்துப் பாத்து, தொடைச்சி நிறுத்திருக்கேன். டீய எடுத்துக்குங்க, ஆறுது. ஆயிலு வெசயத்த மட்டும் கேட்டுட்டுப் போயிருங்க.

புது புல்லட்டே வாங்கித் தர்றேன்னு சொன்னேன், வேணாம்னுட்டீங்க. எங்க சின்னவ பிரின்ஸியப் பாத்து வெத்தலபாக்கு மாத்த வந்த அன்னிக்கி, இந்தப் பட்டறைய எட்டிப் பாத்தீங்க. மாமா எனக்கு இந்த எஸ்டிதான் வேணும்னு நின்னீங்க. உங்க அத்த இருதயம்மாளுக்கு மனசே இல்ல. மூத்த மாப்ள உசுரக் குடிச்ச வண்டி, அத எளைய மாப்ளைக்கிக் குடுக்குறதான்னு ஒரு ராத்திரி பூரா அழுதா. நாந்தான் சொன்னேன், போடி, வண்டிக்கு என்னா தெரியும், ஊத்துனதக் குடிச்சிட்டு ஓடுறதுன்னு.

சரி, வெசயத்துக்கு வருவோம். கார் ஆயிலு, புது பைக் ஆயிலு எதையும் கிட்ட சேக்காதீங்க. அதெல்லாம் இன்ஜினுக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்குற ஆயிலு. இதுல பெட்ரோலோட சேந்து எரிஞ்சே போவணும். எரியாத ஆயில ஊத்துனா கரி புடிச்சி பிளக்கு அடைக்கும். அப்பறம் இந்தப் போன்ல விக்கிறானே, ரேஸ் ஆயிலு, வெளக்கெண்ணெ போட்டது. வாசன நல்லாத்தான் இருக்கும். ரெண்டு வாரம் வண்டி சும்மா நின்னா உள்ள பிசினா ஒட்டிக்கும். நமக்கு அதெல்லாம் எதுக்கு? இந்தா, இந்த டூ-டி ஆயிலுதான். காத்துல ஆறுற வண்டிக்குன்னு போட்டிருக்கா பாருங்க, அது முக்கியம். லிட்டருக்கு நாப்பது மில்லி. கேன்ல ஊத்தி நல்லாக் குலுக்கி, அப்பறந்தான் டேங்க்கு. முந்தி பங்க்குலயே கலந்து குடுப்பாங்க, இப்பக் கேட்டா ஆள ஒரு மாதிரி பாக்குறாங்க. அதனால நம்ம ஊரு எஸ்டிக்காரங்க எல்லாரும் எங்கிட்டதான் வருவாங்க. மாயவரத்துல இந்த அருள்சாமி கை அளவுன்னா மறுபேச்சு கெடையாது.

கூடிப்போனா? பொகை வரும், பின்னால வர்றவன் திட்டுவான், அவ்ளோதான். கொறைஞ்சாதான் வில்லங்கம். பிஸ்டன் சூட்டுல பெருக்கும். சிலிண்டர அப்படியே கவ்வும். கவ்வுச்சுன்னா பின் சக்கரம் நின்னுரும். நீங்க எழுவதுல போய்க்கிட்டு இருப்பீங்க, சக்கரம் மட்டும் நின்னுரும். மொத அறிகுறி என்னான்னா, சத்தம் ஒரு மாதிரி கம்மும். தொண்ட கட்டுன மாதிரி. அந்த நொடி கிளட்ச்சப் புடிச்சிட்டா பொழச்சோம். அதான், ரெண்டு வெரலு எப்பவும் கிளட்ச் மேல கெடக்கணும். இப்புடி. உங்க கையக் காட்டுங்க. ம், நல்ல கெட்டியான கைதான்.

நாளைக்கிக் காலையில பூசைக்கு வர்றீங்கல்ல? மூணாவது கல்யாண ஓலை வாசிக்கிறாரு ஃபாதர். ரெண்டு ஓலைக்கும் நான் மொத வரிசையிலதான் உக்காந்திருந்தேன். எல்வினுக்கும் பிரின்ஸிக்கும் திருமணம் நிச்சயிச்சிருக்கு, தடை ஏதும் தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு வாசிக்கும்போது, எனக்கு உள்ளங்காலு சில்லுன்னு ஆவும். ஏன்னா கேக்குறீங்க? மூத்தவ ஜெனிட்டாவுக்கும் கிளாட்சனுக்கும் இதே மாதிரி மூணு ஓலை வாசிச்சாங்க. நான் வாயில கொழுக்கட்ட வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவருக்கு மூக்கு மேல கோவம்னு தெரிஞ்சே உக்காந்திருந்தேன்.

கோயிலுக்கு வந்தும் நான் பூசையில நன்மை அப்பம் வாங்குறதில்லன்னு உங்கம்மா கூட கேட்டாங்களாம். கவனிக்கிறாங்க, நல்லதுதான். ஆறு வருசமாச்சு வாங்கி. ஃபாதர்கிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணவும் போறதில்ல. சக்கர வியாதின்னு சொல்லி வச்சிருக்கேன் வீட்டுல. அவ்ளோண்டு அப்பத்துல என்னா சக்கர ஏறப்போவுதுன்னு இருதயம்மா திட்டுவா. சொல்றேன், இருங்க, அதுக்கும் வர்றேன்.

கிளாட்சன் நல்லா பாட்டுப் பாடுவாரு. பாடல் குழுவுல அவரு கொரலுக்குன்னே ஆளுங்க வரும். ஊருல ஒருத்தரு ஒரு கொற சொல்ல மாட்டாங்க. ஜெனிட்டா தீவாளி பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தா முழுக்கை ரவிக்கதான் போட்டுருப்பா. ஒரு தடவ முழங்கைக்கிட்ட கன்னிப் போயிருந்துச்சு. என்னாம்மான்னேன். அடிபம்புல வழுக்கிட்டேம்ப்பான்னா. நான் நாப்பது வருசமா மெக்கானிக்கு மாப்ள. ஒரு தேய்மானத்தப் பாத்தா எது மேல எது ஒரசுச்சுன்னு சொல்லிருவேன். அடிபம்புக்கு நாலு வெரலு எங்கேருந்து வந்துச்சு? தெரிஞ்சும் திருப்பி அனுப்புனேன். குடும்பம்னா முன்னப் பின்னதான் இருக்கும்னு நானே சொல்லி, நானே பஸ் ஏத்தி விட்டேன். அடுத்த தடவ அவ வரும்போது வயித்துல இருந்த புள்ள இல்ல. மாடிப்படியில விழுந்துட்டேன்னா. அவங்க வீட்டுல மாடியே கெடையாது.

டீயக் குடிங்க.

அதுக்கு அடுத்த சனிக்கெழம, கிளாட்சன் இந்த வண்டிய எடுத்துக்கிட்டு சிதம்பரம் போறதுக்காக வந்தாரு. வழக்கம்போல எங்கிட்ட பெட்ரோல் போட. இங்கதான், நீங்க உக்காந்திருக்குற பெஞ்சுலதான் உக்காந்து போன் பாத்துக்கிட்டு இருந்தாரு. சீர்காழி தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறும்போது வண்டி கவ்விருச்சு. பின்னால நெல்லு லாரி. அந்த டிரைவர் பாவம், அவரு மேல தப்பே இல்ல. போலீசுல இன்ஜினப் பிரிக்க யாரக் கூப்புட்டாங்கங்குறீங்க? என்னையத்தான். பிரிச்சேன். பிஸ்டன் முழுக்கக் கோடு கோடா கீறல், எண்ணெப் பசையே இல்ல. ஆயிலு இல்லாம ஓட்டிருக்காருய்யான்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. பொய் ஒண்ணும் சொல்லல பாருங்க.

ஜெனிட்டா இப்ப வலங்கைமான்ல நர்ஸா இருக்கா. அரைக்கை சட்டதான் போடுறா. போன வாரம் போன்ல எதுக்கோ சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா. நான் போன வச்சிட்டு அழுதேன்.

போன வாரந்தான் நீங்களும் பிரின்ஸியும் கும்மோணத்துக்குப் பொடவ எடுக்கப் போனீங்க. திரும்பி வந்தவ மணிக்கட்டுல ஒரு கன்னிப்பு. என்னாம்மான்னேன். கார் கதவுல இடிச்சிக்கிட்டேம்ப்பான்னா. எங்கிட்ட கண்ணப் பாத்து சொல்லல. எந்தப் பொடவ எடுக்குறதுன்னு கடையில வாக்குவாதமாமே? சும்மா கேட்டேன். நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க மாப்ள. நான் ஒங்கள எதாவது சொன்னேனா? நான் ஆயிலப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கேன்.

கிளாட்சனுக்கு மறதி, ஆயிலு ஊத்த மறந்துட்டாருன்னு ஊரே சொல்லிச்சு. அவன் எங்க ஊத்துனான்? கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு நாள் அவன் கையால கலந்தது கெடையாது. நாந்தான் கலப்பேன். லிட்டருக்கு நாப்பது மில்லி, ஒரு சொட்டு பிசகாது. அந்த சனிக்கெழம டேங்க்க வடிச்சேன், பெட்ரோல் விட்டு அலசுனேன், வெறும் பெட்ரோல ரொப்பிக் குடுத்தேன். பாத்துப் போங்க மாப்ளன்னும் சொன்னேன். கிளட்ச்சுல ரெண்டு வெரலு வைக்கிற வித்தைய மட்டும் அவனுக்கு நான் சொல்லிக் குடுக்கல. ஒங்களுக்குச் சொல்லிட்டேன், அது ஒங்க நல்ல நேரம்.

யார்கிட்ட வேணா போயி சொல்லுங்க. எனக்குன்னு இனிமே ஒண்ணும் இல்ல. ஜெனிட்டா தப்பிச்சிட்டா. பிரின்ஸி ஒருத்திதான் பாக்கி. ஓலைக்குத் தடை நான் போயி சொல்லலாம். சொன்னா பிரின்ஸி என் மொகத்துல முழிக்க மாட்டா, அவ்ளோ ஆச அவளுக்கு ஒங்க மேல. நீங்களே வேணாம்னு சொல்லிட்டா ரெண்டு நாளு அழுவா, மூணாம் நாளு சோறு திம்பா. இல்ல மாமா, கட்டிக்கிட்டு நல்லா வச்சிக்கிறேன்னா, ரொம்ப சந்தோசம். வாராவாரம் வண்டியக் கொண்டாங்க. என் கை இருக்குற வரைக்கும் நாந்தான் கலந்து ஊத்துவேன்.

என்னா கேட்டீங்க? இன்னிக்கி ரொப்புனதுல ஆயிலு இருக்கா? நல்ல கேள்வி. கிளாட்சன் ஒரு நாளும் இதக் கேக்கல. இருக்குன்னு நான் சொன்னா நம்பிக்கிட்டு ஓட்டுவீங்களா? இன்னிக்கி நம்புவீங்க, சரி. கல்யாணம் ஆயி, என்னிக்காவது ஒரு நாளு அவ முழுக்கை ரவிக்க போட்டுக்கிட்டு வந்தா, அன்னிக்கும் நம்புவீங்களா?

என்னா, சாவிய பெஞ்சு மேல வச்சிட்டீங்க? சரி, இருக்கட்டும். ஃபாதர் நாலு மணிக்கு மேல கோயில் பங்களாவுலதான் இருப்பாரு, போற வழியில ஓலைய நிறுத்தச் சொல்லிட்டே போயிரலாம். பஸ் ஸ்டாண்டு நேராப் போயி எடது கை பக்கம். டீய வச்சிட்டுப் போறீங்களே. முழுசாக் குடிச்சிட்டுப் போங்க தம்பி, அதுல நான் ஒண்ணும் கலக்கல.