பிரிக்காத கட்டு

— கயித்தை அறு.

— அக்கா, அறுத்த கட்டை அப்புறம் எவன் வாங்குவான்? மேல பாருங்க, எப்படிப் பச்சையா இருக்கு!

— மேலாகப் பாத்து எடுக்க நான் என்ன சேலையா வாங்க வந்திருக்கேன்? எட்டு ஆடு சினையா நிக்குது. அறுடா.

— பத்து வருசமா என்கிட்டதான் காஞ்ச புல்லு எடுக்குறீங்க. ஒரு நாளாவது பிரிச்சுக் கேட்டிருக்கீங்களா?

— போன வருசம் அஞ்சு ஆடு குறைக்குட்டி போட்டுச்சு. இந்த வருசமும் போச்சுன்னா கொட்டகையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

— அது உங்க மருமக கம்பெடுத்து விரட்டினதாலன்னு நீங்கதானே சொல்லிட்டுத் திரிஞ்சீங்க?

— சொன்னேன். அவளை அம்மா வீட்டுக்கும் துரத்தினேன். பின்னாலேயே என் மகனும் போயிட்டான். பேச்சை மாத்தாத. இந்தப் பச்சைக் கட்டைத் தூக்கு. இப்ப அந்த வெளிறினதைத் தூக்கு. எது கனம்?

— பச்சைதான்... கொஞ்சம்.

— கொஞ்சமா? கல்லாட்டம் இருக்கு. வயக்காட்டுக்காரன் காயுறதுக்கு முன்னாடியே கட்டியிருக்கான். தள்ளு, நானே அறுக்கிறேன்.

— அக்கா, அருவாளைக் குடுங்க... அக்கா!

— உள்ள கையை விடு. சுடுதா?

— ம்.

— என்ன ம்? நடுவுல பாரு, வெள்ளை வெள்ளையா பூசணம். உதறினா புகையாட்டம் கிளம்புது. த்தூ! இதைத் தின்னா சினையாடு என்னத்துக்கு ஆகும்? இரு... போன வருசம் நான் ஏத்தினதும் பச்சைதானே?

— ஆமா. இதே ஆள் வயக்காட்டுப் புல்லுதான்.

— 'புல்லு சரியில்லை அத்தை'ன்னு அவ அழுதா. செஞ்சதை மறைக்கப் புல்லு மேல பழி போடுறியான்னு கேட்டேன்.

— நீங்க ஏத்துறதுக்கு முந்தின நாளே அவ இங்க வந்திருந்தா அக்கா.

— எதுக்கு?

— புல்லு பாக்க. தூக்கிப் பாத்தா, உள்ள கைவிட்டுப் பாத்தா. வெளிறினதுல பத்துக் கட்டு ஒதுக்கிட்டு, 'நாளைக்கு அத்தை வந்து ஏத்திக்குவாங்க'ன்னு சொல்லிட்டுப் போனா.

— உன் கடை வாசல்ல கிடந்துச்சே, அதுவா? நான் காலால தள்ளிவிட்டேனே! பாவி, அன்னைக்கே ஏன்டா சொல்லலை?

— 'இந்தக் குப்பையை எவ பொறுக்கினா'ன்னு கத்தினீங்க. திட்டு விழக்கூடாதேன்னுதான் அவ பேரைச் சொல்லலை அக்கா.