அடுத்த அறையில் கரன்ட் இல்லை

அக்கா: நிறுத்துடா... நிறுத்துன்னா! அடுத்த ரூம் மறுபடியும் அணைஞ்சு போச்சு.

தம்பி: எந்த ரூமு?

அக்கா: ஏழை நாடுகள் ரூம்தான். வேற எது அணையும்?

தம்பி: நான் என்னக்கா பண்ண? நீராவி எந்திரத்தை ஓட்டினா அங்க இருட்டாகுது. அங்க லைட்டைப் போட்டா எந்திரம் படுத்துக்குது.

அக்கா: டேய், அமைச்சர் வந்துட்டே இருக்காரு. ‘உலகம் வளர்ந்த கதை’ன்னு வாசல்ல அவ்வளவு பெரிய போர்டு. எந்திரம் ஓடலைன்னா வளர்ச்சி எங்கேருந்துடா ஆரம்பிக்கும்?

தம்பி: நீராவி, நீராவிங்கறே... உள்ள இருக்கறது கரன்ட் மோட்டார்தானே?

அக்கா: கத்தாதே! இன்னைக்குத் திறப்பு விழா நல்லபடியா முடிஞ்சாத்தான் இந்த மியூசியத்துல எனக்கு வேலை நிலைக்கும். நீ என் தம்பிங்கறதையும் யார்கிட்டயும் உளறி வெக்காதே.

தம்பி: சரி, ஒரு யோசனை. ‘இந்த ரூம் ஆதியிலேருந்தே இருட்டு’ன்னு ஒரு போர்டு மாட்டிடலாமா?

அக்கா: எந்திரம் வர்றதுக்கு முன்னாடி, நேத்து வரைக்கும் ஜெகஜ்ஜோதியா எரிஞ்சுதேடா!

தம்பி: நேத்து யாரு பாத்தா?

அக்கா: ...எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடு.

பேராசிரியர்: ஹலோ! யாராவது இருக்கீங்களா? நான்தான் இன்னைக்குப் பேச வந்தவன்... ஸ்ஸ்... எதுலயோ முட்டிக்கிட்டேன்.

அக்கா: ஐயோ, புரொஃபசர் சார்! அதுக்குள்ள வந்துட்டீங்களா? நீங்க நிக்கறது ஏழை நாடுகள் ரூம் சார்.

பேராசிரியர்: இங்க ஏன்மா இவ்வளவு இருட்டு?

அக்கா: அது வந்து... இந்தப் பக்கமெல்லாம் வெயில் ஜாஸ்தி சார்.

பேராசிரியர்: வெயில்னால இருட்டா?

தம்பி: வெயில்ல உடம்பு அசந்து போயிடுது சார். யாரும் எழுந்து சுவிட்சைப் போட மாட்டேங்கறாங்க.

பேராசிரியர்: இதோ, நானே போடறேன்... எரியலையே?

அக்கா: இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும் சார்.

பேராசிரியர்: அமுக்கி அமுக்கி விரலே வலிக்குதும்மா.

தம்பி: அப்ப வெளி உதவி தேவைப்படுது. இந்தாங்க, டார்ச்.

பேராசிரியர்: நல்ல மனசுப்பா உனக்கு. பேட்டரி புதுசா?

தம்பி: இந்த ரூம் சுவர்க் கடிகாரத்துலேருந்து கழட்டினதுதான் சார்.

பேராசிரியர்: அதான் நின்னு போயிருக்கா! பின்தங்கின நாடுன்னு காட்டறதுக்காக நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்... இரு, கால்ல என்னமோ தட்டுது. ஒயரா இது? இங்கேருந்து சுவரைத் துளைச்சுக்கிட்டு எந்திரத்துக்கா போகுது?

அக்கா: அது... அலங்காரம் சார்.

தம்பி: பிடுங்காதீங்க சார்! ஐயையோ...

பேராசிரியர்: அடேயப்பா! லைட்டு வந்துடுச்சு!

தம்பி: எந்திரம் நின்னுடுச்சு.

பேராசிரியர்: அது கிடக்கட்டும். இந்தத் துணியைப் பாரும்மா, மூச்சு விட்டாலே பறந்துடும் போல! இந்த வாள்ல என்ன ஒரு வேலைப்பாடு! எவ்வளவு பெரிய கப்பல்! இதெல்லாம் இங்கயேவா இருந்துச்சு?

அக்கா: இங்கயேதான் சார் இருந்துச்சு.

பேராசிரியர்: அப்ப இதை ஊரே பாக்கணுமேம்மா!

அக்கா: சார்... வாசல்ல கார் சத்தம். அமைச்சர் வந்துட்டாரு. என் வேலை போச்சு.

தம்பி: அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க சார். அவங்க என் அக்கா. இங்கேருந்து எந்திரத்துக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தது நான்தான். நீங்களே சொல்லுங்க... லைட்டா, எந்திரமா?

பேராசிரியர்: இருப்பா... அமைச்சர் படியேறிட்டாரான்னு பாக்கறேன்.

அக்கா: சார்?

பேராசிரியர்: செருகுப்பா, சீக்கிரம் செருகு! அந்த எந்திரம் தன் சொந்த பலத்துல ஓடுச்சுன்னு ஊர் ஊராப் போய்ப் பேசித்தான் என் வீட்ல விளக்கே எரியுது.