மூன்று இலைப் பிள்ளைக்கு முதல் பரிசு

கோப்பையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கவலையோடு பார்க்கும் தலைவர் அவர்களே! மண் மணக்கும் கரங்களோடு வந்து அமர்ந்திருக்கும் மூத்தோரே! நாற்றுக்கும் பிள்ளைக்கும் வேற்றுமை பாராமல் நீரூட்டும் தாய்மார்களே! பரிசு வாங்க முன்வரிசையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருக்கும் என் அருமைத் தங்கையே! அனைவருக்கும் என் குழம்பிய வணக்கம்.

சிரிக்காதீர்கள். தெளிவாகத்தான் வந்தேன். மேடைப் படியில் பயிர் ஆய்வாளர் அம்மா என்னை நிறுத்தி ஒரு செய்தி சொன்னார். அங்கே பிடித்த குழப்பம் இன்னும் விடவில்லை.

நம் ஆரஞ்சுத் தோப்புகள் வேரழுகிச் சாகின்றன. என் தங்கையின் தோப்பே போன மழையோடு போய்விட்டது. வேரழுகலைத் தாங்கி நின்றது ஒரே ஒரு முள்மரம். ஆரஞ்சுக்குக் காம்புக்கு ஓர் இலை, இதற்கு மூன்று இலை. அதன் பூந்தூளை ஆரஞ்சுப் பூவில் தூவி விதையெடுத்து, வளர்க்கச் சொல்லி நம்மிடம் தந்தார் அந்த அம்மா. பிறகு முள்மரமும் காற்றில் சாய்ந்து விறகாகிவிட்டது.

நாம் என்ன செய்தோம்? வழக்கம்போல் வரிசைக்கு ஒவ்வாததை, வளர்ச்சியில் குன்றியதை, வேறு முகம் காட்டியதைப் பிடுங்கி எறிந்தோம்! ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே இலை! அப்படிப்பட்ட நாற்றுப் பாத்திக்குத்தானே ஆண்டுதோறும் கோப்பை? என் தங்கையின் பாத்தியில் ஓர் இலைகூட மாறவில்லை. நடுவராக நான் முழு மதிப்பெண் போட்டேன். தங்கை என்பதற்காகவா? யார் அங்கே சொன்னது? இல்லை ஐயா, இல்லவே இல்லை!

"அது அத்தனையும் தாய் மரத்தோட நகலுங்க," என்றார் ஆய்வாளர் அந்தப் படியில்.

"நீங்கதானேம்மா பூந்தூள் தூவுனீங்க?"

"தூவுனேன், கருவும் உண்டாச்சு. ஆனா ஆரஞ்சு விதைக்குள்ள தாயோட திசுவே தனியா முளைக்கருவா மாறிடும். அந்த மரத்தோட மரபணு அப்படி. ஒரு விதையில ரெண்டு மூணு செடி வரும். நகலுங்க கொழுகொழுன்னு முந்திக்கும், கலந்து பிறந்தது நோஞ்சானா ஓரத்துல நிக்கும். நீங்க அதைத்தான் பிடுங்கிட்டீங்க."

கேட்டீர்களா? தந்தை வந்தார், தந்தையின் சாயல் வரவில்லை! பிறந்தது பிள்ளையா, தாயே மறுபடியும் வந்து நிற்கிறாளா? தாய் எந்த நோயில் செத்தாளோ, அதே நோயில்தானே இவையும் சாகும்? அப்படியானால் எதற்கு ஐயா நான் பரிசு தருகிறேன்?

கடைசி இடம் யாருக்கு? நாம் தூங்குமூஞ்சி என்று செல்லமாக அழைக்கும் என் தங்கை கணவருக்கு! அவர் பாத்தியில் ஒரு செடி. குட்டை, கோணல், காம்புக்கு மூன்று இலை! அதற்காகவே மதிப்பெண்ணைக் குறைத்தேன். மாப்பிள்ளை, எழுந்து சொல்லுங்கள், அதை ஏன் பிடுங்கவில்லை?

"முள்ளு குத்துச்சு மச்சான். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

கைதட்டுங்கள்! அப்பன் கொடுத்த முள் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது!

இன்னும் கேளுங்கள். அது நோயைத் தாங்கி, தாயின் அந்த மரபணுவும் அதற்கு வாய்த்திருந்தால், அதன் விதைகள் அதன் நகலாகவே முளைக்குமாம். தோப்புத் தோப்பாக வளர்க்கலாமாம். அப்படியானால் நகல் நல்லதா, கெட்டதா? காலையில் மதிப்பெண் போட்டபோது நல்லது, படியில் கெட்டது, இப்போது மறுபடி நல்லதா? யாராவது சொல்லுங்களேன்! கோப்பையை நான் யாரிடம் கொடுப்பேன்?

ஐயோ, தங்கை மேடைக்கே வருகிறாள். வழி விடுங்கள். ஒலிவாங்கியையும் பிடுங்கிவிட்டாள்.

"அண்ணே, என் தோப்புல ஒரு மரம் மிஞ்சல. இதை எனக்கும் குடுக்காத, அவருக்கும் குடுக்காத. அடியில துளை போட்டு, மண்ணை நிரப்பி, அந்த முள்ளுப் பயல இதுல வை."

தலைவர் அவர்களே, முகம் சுளிக்காதீர்கள். ஓர் ஆணியும் சுத்தியலும் கிடைக்குமா? என் குழப்பம் தீரவில்லை பெரியோர்களே, ஆனால் கோப்பை யாருக்கு என்பது தீர்ந்துவிட்டது. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பாத்தி ஓரத்தில் தனியாக நிற்கும் அந்த நோஞ்சானுக்கு என் முதல் வணக்கம்!