டிரிப் ஓடிய கை

அன்றைய விசாரணையில் ஐந்து பேர் இருந்தோம். மேசைத் தலைமாட்டில் டைரக்டர், அவருக்கு வலப்பக்கம் வார்டு டாக்டர், கதவோரம் அழுது முகம் வீங்கிய நர்ஸம்மா, ஜன்னல் பக்கம் நீங்கள். ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்கும் நாற்காலி எனக்கு. லேப்காரனுக்கு எப்போதும் அந்த இடம்தான்.

நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "மெஷின் சரியாத்தான் காட்டுச்சா, சார்?"

"சரியாத்தான் காட்டுச்சு" என்றேன். கும்பிட்டீர்கள். அந்தக் கும்பிடு உறுத்துகிறது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

உங்கள் மனைவிக்கு வலிப்பு மருந்து டிரிப்பில் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் அது எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது என் வேலை. ரத்தத்தைச் சுழலவிட்டுப் பிளாஸ்மாவைத் தனியே எடுப்பேன். குரோமட்டோகிராஃப் அதில் கலந்திருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும்; மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடையை வைத்து இது இன்னது என்று சொல்லிவிடும். பொய் சொல்லத் தெரியாத மெஷின்.

ஆனால் டிரிப் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தால் நான் உடம்பில் இருப்பதை அளப்பேனா, பாட்டிலில் இருப்பதை அளப்பேனா? இதை வார்டுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். உங்கள் மனைவிக்கு முன்பு, அப்படி எடுத்த இன்னொருவரின் சாம்பிளைத் திருப்பி அனுப்பினேன். நர்ஸம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மறுபடியும் நீங்களா? இன்னொரு கை வீங்கியிருக்கு. வேணும்னா உங்க கையில குத்தி எடுத்து அனுப்பவா?"

பின்னால் சிரிப்பு. டாக்டர் போனை வாங்கினார். "நம்பரை மட்டும் அனுப்புங்க. வைத்தியத்தை நாங்க பாத்துக்கறோம்."

சரி, இனி நம்பரை மட்டும் அனுப்புவது என்று முடிவெடுத்தேன்.

உங்கள் மனைவியின் சாம்பிளில் மருந்து எக்கச்சக்கம். ஆனால் உடம்பு மருந்தை உடைக்கும்போது உண்டாகும் பொருளையும் நான் பார்ப்பதுண்டு. அது சொற்பம். அவ்வளவு மருந்தும் உடம்பில் ஓடியிருந்தால் அதுவும் கூடவே ஏறியிருக்கும். டிரிப் ஓடிய கை என்று திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போன்மேல் கை வைத்தேன். கையை எடுத்துக்கொண்டேன். நம்பரை அனுப்பினேன்.

அதை நம்பி டாக்டர் மருந்தை நிறுத்தினார். நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும். வலிப்பு வரும் என்றும் தெரியும். ஒருமுறை வந்தால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று இருந்தேன். வந்த வலிப்பு நிற்காமலே அவர் உயிர் போகும் என்று நான் நினைக்கவில்லை.

நர்ஸம்மாவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது ரத்தமெல்லாம் மாற்றுக் கையிலிருந்துதான் வருகிறது. ஒரு சாம்பிளைக்கூட நான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. உங்கள் மனைவியால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, கீழே நிற்கும் கூரியர்காரரிடம் கொடுக்கப்போகிறேன். உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் தர வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். பொறுப்பில்லாதவர்களை நம்பி எதையும் விட முடிவதில்லை.