மூன்றாவது பொத்தான்

எங்கள் அலுவலகத்து நாற்காலிகளைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காது; கண்தான் பூத்துப்போகும். மக்கள் இணையத்தில் எழுதும் பதிவுகளில், யாராவது புகார் செய்தவை எங்கள் திரைக்கு வரும். ஒரு நாளைக்கு எழுநூறு.

மூன்று பொத்தான்கள், ஐயா. 'விடு' என்றால் பதிவு இருக்கும். 'நீக்கு' என்றால் போய்விடும். எழுதியவருக்குத் தகவல் போகும், அவர் முறையிடலாம், மேலே ஒருவர் சரிபார்ப்பார். மூன்றாவது 'நிறுத்திவை'. அதுதான் அழகான ஏற்பாடு. இரண்டு நாளைக்கு அந்தப் பதிவு மற்றவர்கள் கண்ணில் படாது. எழுதியவருக்கு மட்டும் வழக்கம்போலத் தெரியும். பிறகு தானாகவே வெளியே வந்துவிடும். யாரும் சரிபார்ப்பதில்லை.

ஐஸ் லாரி ஓட்டுநர் ஒருவர் என் கட்சியைத் தினமும் கிழித்துத் தொங்கவிடுவார். எங்கள் ஆட்கள் உடனே புகார் செய்வார்கள். தன் குரல்வளையை நெரிக்கிறார்கள் என்றும் அடிக்கடி எழுதுவார். அது பொய். அவருடைய ஒரு பதிவைக்கூட நான் நீக்கியதில்லை. ஓராண்டாக மூன்றாவது பொத்தானோடு சரி.

பக்கத்து இருக்கை அக்காவுக்கும் தெரியும்.

"என்னப்பா, உன் டிரைவர் இன்னிக்குத் திட்டலையா?"

"திட்டிக்கிட்டுத்தான் இருக்கார்க்கா. கேக்கத்தான் ஆளில்ல."

"பாவம்டா, தொண்டை வத்திடப் போவுது."

சிரிப்போம். அந்த வேலையில் சிரிப்பதற்கு வேறென்ன இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் எழுதினார்: "ஐஸ் ஃபேக்டரி குழாய்ல கேஸ் கசியுது. நம்ம தெருவுல எல்லாரும் உடனே கிளம்புங்க. கட்சிக்காரன் ஃபேக்டரி, அவனுங்க சொல்ல மாட்டானுங்க."

கட்சியை இழுத்ததால் அடுத்த நிமிடமே புகார் வந்தது. நான் முழுதாகப் படித்தேன். படிக்காமல் அழுத்துவது எங்கள் தொழிலில் தவறு. படித்துவிட்டுத்தான் மூன்றாவதை அழுத்தினேன்.

மூன்றரைக்குக் குழாய் வெடித்தது. பதினொரு பேர் செத்தார்கள்.

ஓட்டுநர் தன் மனைவி மக்களைப் போனில் கூப்பிட்டு வெளியேறச் சொல்லியிருக்கிறார். மற்ற வீடுகளுக்குச் சொல்லவில்லை. அவர் பதிவு அவர் கைப்பேசியில் தெரிந்துகொண்டுதானே இருந்தது. தெருவுக்கே சொல்லியாயிற்று என்று நம்பியிருக்கிறார். கதவைத் தட்டியிருக்கலாம். அது அவர் தவறு.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, நிமிடம் பிசகாமல், பதிவு வெளியே வந்தது. நீங்களே பாருங்கள், ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. அந்த மனிதரின் பேச்சுரிமையில் நான் கை வைக்கவே இல்லை, ஐயா.