பூட்டு இல்லாத ஹாஸ்டல்

மகளை விழுப்புரத்தில் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். வார்டன் கேட்டைப் பூட்டிய சத்தம் இன்னும் காதில் இருந்தது. முன் சீட்டில் வயதான இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“அந்தம்மா எங்களைப் பூட்டி வெச்சிருந்தா நான் டீச்சராயிருப்பேன், சாந்தி.”

“எந்தம்மா அண்ணி?”

“சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனவங்க. திண்டிவனத்துல எங்க ஹாஸ்டலை நடத்துனாங்க. ஜெயில்ல பூட்டுற சத்தம் கேட்டுக் கேட்டு, பொம்பளப் புள்ளைங்க இருக்கிற எடத்துல பூட்டே கூடாதுன்னுட்டாங்க.”

“திருடன் வந்தா?”

“எங்ககிட்ட இன்னா இருந்துது? ஆளுக்கு ரெண்டு பாவாடை.”

“அப்புறம்?”

“ஒம்பதாவது படிக்கும்போது எங்கப்பா வந்தாரு. நெலத்துல மல்லாட்டைச் செடி புடுங்க ஆளில்ல, நாலு நாள் வாம்மான்னாரு. அந்தம்மா அவரைக் கேக்கல, போறியான்னு என்னைக் கேட்டாங்க. போறேன்னேன். போனா, வூட்ல கல்யாணப் பந்தல் போட்டுக்கினு இருக்காங்க.”

“எங்கண்ணனுக்குத்தானே போட்டாங்க!” சாந்தி சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

“எப்ப வந்தாலும் கதவு தொறந்துதான் இருக்கும்னு அந்தம்மா சொல்லித்தான் அனுப்புனாங்க.”

“எறங்கி அந்த ஹாஸ்டலை ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமா அண்ணி?”

“அந்தம்மா செத்து எத்தினி வருஷம் ஆவுது. யார்கிட்டப் போய், வந்துட்டேன்னு சொல்றது?”